முதலில் பெல்ட், அப்புறம் கியர்: எந்த வேகம் வரைக்கும்?

மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊர் டேனரிக்குள் (தோல் பதனிடும் ஆலை) போனாலும், தோலைப் போட்டுச் சுற்றும் மர டிரம்மை ஓட்டுகிற ஏற்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று சுற்றும். டிரம் பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல் போகக்கூடாது. நடுவில் இருக்கும் அவ்வளவு வேகத்தையும் எங்கேயாவது இறக்கியாக வேண்டும். மோட்டார் புல்லியிலிருந்து நாலைந்து வி பெல்ட் கிளம்பி ஒரு பெரிய புல்லிக்குப் போகும். அந்த ஷாஃப்டின் மறுமுனையில் ஒரு பினியன், அதாவது சின்னப் பல் சக்கரம். அது டிரம்மைச் சுற்றி மாட்டியிருக்கும் பெரிய பல்வளையத்தைக் கடித்துச் சுற்றும். சில இடங்களில் நடுவே ஒரு கியர் பாக்ஸும் இருக்கும். ஆனால் வரிசை மாறாது. முதலில் பெல்ட், அப்புறம் கியர்.

காரணம் எளிது. பவர் என்பது இழுவையை வேகத்தால் பெருக்கி வருவது. வேகம் அதிகமாக இருக்கும் பக்கத்தில் அதே பவரைக் கடத்தக் குறைந்த இழுவை போதும். ரப்பரால் செய்த பெல்ட்டுக்கு இழுவைதான் எதிரி. அதனால் அதை மோட்டார் பக்கம் வைக்கிறோம். டிரம் பக்கம் வேகம் செத்து முறுக்கு ஏறிக் கிடக்கும், அங்கே வார்ப்பிரும்புப் பல்லைப் போடுகிறோம். தொரப்பாடி பாலிடெக்னிக்கில் இதைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்தார்கள். டேனரி மெயின்டனன்ஸ் வேலைக்கு வந்த பிறகு பார்த்ததெல்லாம் அதையேதான் உறுதிப்படுத்தியது.

என் அக்கா மகன் கனடாவில் மெக்கானிக். பனிக்காலம் வந்தால் அவன் கடைக்கு வருவதில் பாதி ஸ்னோமொபைல்தான். பனியில் ஓடும் வண்டி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் பனியில் வழுக்கிப் போகும் இரண்டு ஸ்கீ பட்டை, பின்னால் டயருக்குப் பதில் டாங்கிக்கு இருப்பது போன்ற அகலமான ரப்பர் டிராக். வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான், ஆனாலும் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

"மாமா, நீங்க டேனரியில காட்டின கணக்கு இங்க தலைகீழா இருக்கு. இன்ஜின்ல இருந்து முதல்ல கியர்தான் வருது. பெல்ட் அதுக்கு அப்புறம். எதுக்கு மாமா?"

அவன் முன்னால் பிரித்துக் கிடந்தது யமஹாவின் ஆர்எக்ஸ்-1. 2003 மாடலாக வந்த வண்டி. யமஹாவின் ஆர்1 பைக்கிலிருந்து உருவான நாலு சிலிண்டர், 998 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் அதில் இருக்கிறது. 10,500 ஆர்பிஎம்-ஐ ஒட்டித்தான் அது முழு பலத்தையும் கொடுக்கும், சுமார் 140 எச்.பி. ஆனால் பெல்ட் ஓடும் கிளட்ச் நேராக இன்ஜினின் சுழல் தண்டான அந்த கிராங்கின் முனையில் உட்காரவில்லை. நடுவில் ஒரு ஜோடிக் கியர் வேகத்தைக் குறைத்து, கிளட்ச்சை 8,500-ஐ ஒட்டிய சுற்றில் மட்டுமே ஓடவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ள நம்ம ஊர் ஸ்கூட்டரிலிருந்து ஆரம்பிப்பதுதான் சுலபம். காட்பாடி ரோட்டில் எந்த மெக்கானிக் கடையிலும் கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடது பக்க கவரைக் கழற்றும்போது எட்டிப் பாருங்கள். உள்ளே கறுப்புப் பொடி அப்பியிருக்கும். அது பெல்ட் தேய்ந்து உதிர்ந்தது. முன்னால் கிராங்கின் முனையில் வேரியேட்டர், அதற்குள் ஆறு சின்ன ரோலர். பழைய ரோலரைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருக்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற இந்த ரோலர்கள் வெளியே ஓடப் பார்க்கும். ஓடும்போது வேரியேட்டரின் ஒரு தட்டை அடுத்த தட்டின் பக்கம் நெருக்கும். இரண்டு தட்டுக்கும் நடுவில் மாட்டிய பெல்ட் மேலே ஏறும். பெல்ட்டின் நீளம் மாறாததால் பின்னால் இருக்கும் புல்லியில் அது கீழே இறங்கும். கியர் மாற்றாமலே கியர் மாறிவிடுகிறது. வேகத்தைக் கடைசியாகக் குறைக்கும் கியர் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், தனி ஆயிலில் இருக்கிறது. முதலில் பெல்ட், அப்புறம் கியர். டேனரி டிரம்மின் அதே வரிசை.

ஸ்னோமொபைலும் இதே சாதிதான், அளவு மட்டும் ராட்சசம். ரோலருக்குப் பதில் கீல் போட்ட எடைக் கைகள் இருக்கும். வண்டி நிற்கும்போது ஒரு ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்து வைத்திருப்பதால் பெல்ட் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். மூவாயிரம் நாலாயிரம் ஆர்பிஎம் வந்ததும் எடைகள் ஸ்பிரிங்கை மீறித் தட்டை நெருக்க, பெல்ட்டைப் பிடித்துவிடும். ஆக முன் புல்லியே கிளட்ச் வேலையையும் பார்க்கிறது. அதனால்தான் அங்கே எல்லோரும் அதை கிளட்ச் என்றே சொல்கிறார்கள். பின் புல்லியைத் தாண்டி ஒரு செயின் கேஸ் இருக்கும். அது வேகத்தை இன்னொரு தடவை குறைத்து டிராக்கைச் சுற்றும்.

சரி, செயின் கேஸில் எப்படியும் குறைக்கத்தானே போகிறார்கள்? மொத்தக் குறைப்பு எங்கே நடந்தாலும் வண்டியின் டாப் ஸ்பீடு மாறப்போவதில்லை. பெல்ட்டுக்கு முன்னால் கொஞ்சம் குறைத்தால் பின்னால் அந்த அளவுக்குக் குறைவாகக் குறைத்தால் போயிற்று. அப்படியிருக்க, ஏன் ஒரு பங்கை மட்டும் எடுத்து முன்னால் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

கரும்பலகையில் எழுதிய அந்த விதியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பெல்ட்டுக்கும் எடை உண்டு. வளைந்து ஓடுகிற எந்த எடையும் வெளியே பிய்த்துக்கொண்டு போகத்தான் பார்க்கும், ராட்டினத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். பெல்ட் அப்படிப் பிய்த்துக்கொண்டு போகாமல் புல்லியைச் சுற்றித் திரும்ப வேண்டும் என்றால், அதை உள்ளே இழுத்துப் பிடிக்க பெல்ட்டுக்குள்ளேயே ஓர் இழுவை இருந்தாக வேண்டும். ஒரு மீட்டர் பெல்ட்டின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த இழுவை நியூட்டனில் வந்துவிடும், அதை ஏறக்குறைய பத்தால் வகுத்தால் கிலோ. இது ஒரு எச்.பி.யைக்கூடக் கடத்தாத தண்ட இழுவை.

டேனரியில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளத் தேவையும் இல்லை. 15 செ.மீ மோட்டார் புல்லியில் 1440 சுற்று ஓடினால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு 11 மீட்டர் சொச்சம், மணிக்கு 40 கிலோமீட்டர். மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள வி பெல்ட்டில் தண்ட இழுவை மூன்று கிலோகூடத் தேறாது. ஃபிட்டர் கட்டை விரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்த்து, 'இன்னும் கொஞ்சம் டைட் வைக்கலாம்' என்று மோட்டாரை ரெயிலில் நகர்த்துகிறாரே, அதில் ஏறும் இழுவையே இதைவிட அதிகம்.

அதே கணக்கை அக்கா மகனின் வண்டிக்குப் போட்டுப் பார்ப்போம். நானாக வைத்துக்கொண்ட உத்தேச எண்கள்தான். வண்டி முழு வேகத்தில் போகும்போது கிளட்ச்சில் பெல்ட் ஏறி நிற்கும் விட்டம் 18 செ.மீ, பெல்ட் எடை மீட்டருக்கு முக்கால் கிலோ, பவர் 140 எச்.பி.

கியர் இல்லாமல் கிளட்ச் நேராக 10,500-இல் ஓடினால் பெல்ட்டின் வேகம் நொடிக்கு 99 மீட்டர். மணிக்கு 356 கிலோமீட்டர்! 140 எச்.பி.யை அந்த வேகத்தில் கடத்த வெறும் 106 கிலோ இழுவை போதும். தண்ட இழுவை எவ்வளவு தெரியுமா? கிட்டத்தட்ட 750 கிலோ. வேலை பார்க்கும் இழுவையைப் போல ஏழு மடங்கு, தன்னைத்தானே பிடித்துக்கொள்வதற்கே போய்விடுகிறது.

இப்போது கியரைப் போட்டு 8,500-க்கு இறக்குங்கள். பெல்ட்டின் வேகம் 80 மீட்டர். வேலை இழுவை 131 கிலோவாக ஏறும். தண்ட இழுவை 490 கிலோவுக்கு விழும். இரண்டையும் கூட்டினால் முன்பு 855, இப்போது 620 சொச்சம். வேலை இழுவையில் 25 கிலோ கொடுத்துவிட்டுத் தண்ட இழுவையில் 260 கிலோ வாங்கியிருக்கிறார்கள். எந்த மண்டியிலும் இப்படி ஒரு பேரம் படியாது.

நேர்மையாக இதன் மறுபக்கத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். வண்டி கிளம்பும்போது பெல்ட் கிளட்ச்சின் அடியில், ஷாஃப்டை ஒட்டிக் கிடக்கும். விட்டம் 8 செ.மீ என்று வைப்போம். அங்கே பெல்ட்டின் வேகம் பாதிக்கும் குறைவு, அதனால் வேலை இழுவைதான் பெரிதாக நிற்கும். கியர் இல்லாவிட்டால் 239 கிலோ, கியர் இருந்தால் 295. தண்ட இழுவை முறையே 148, 97. கூட்டினால் 387-க்கு 392. ஏறக்குறைய சமம். கிளம்பும்போது நஷ்டமும் இல்லை லாபமும் இல்லை, வேகத்தில் போகும்போது கொள்ளை லாபம். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும் ஃபோனில் அவனிடம் சொன்னேன், "தலைகீழா எதுவும் இல்லடா. டிரம்முக்குச் சொன்ன அதே கணக்குதான். அங்க நாம தள்ளிவிட்ட சின்ன எண் இங்க பூதமா வளர்ந்து நிக்குது."

பெல்ட்டோடு கதை முடியவில்லை. கிளட்ச்சும் சுற்றுகிறதே. 50 கிராம் எடைக் கை ஒன்று மையத்திலிருந்து 6 செ.மீ தள்ளி இருப்பதாக வைத்தால், 8,500 சுற்றில் அது தன் பின்னை 240 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். 10,500-இல் 370 கிலோ. சுற்று நாலில் ஒரு பங்குகூடக் கூடவில்லை, விசை ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. எடையைக் குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். குறைக்கலாம். ஸ்னோமொபைல் ஓட்டுகிறவர்கள் மலைக்கு ஓர் எடை, சமவெளிக்கு ஓர் எடை என்று மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள்தான். ஆனால் தட்டுகளின் எடையை என்ன செய்வது? எடைக் கைகளைத் தாங்கும் சட்டம், போல்ட், எல்லாமே அலுமினியமும் இரும்பும். 10 செ.மீ தள்ளி ஒரே ஒரு கிராம் பேலன்ஸ் தப்பினால் 8,500-இல் 8 கிலோ உதறல். 10,500-இல் 12 கிலோவுக்கு மேல். அதுவும் நொடிக்கு 175 தடவை. தட்டு உடைந்து சிதறினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. கிளட்ச்சுக்கு மேல் பாதுகாப்பு மூடி போடாமல் எந்த ஸ்னோமொபைலும் வருவதில்லை.

'சின்ன புல்லி போட்டுவிட்டால்?' என்பது அவனுடைய அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. விட்டத்தைக் குறைத்தாலும் பெல்ட்டின் வேகம் குறையும், கியரே வேண்டாம். ஸ்கூட்டர் அந்த வழியில்தான் தப்பிக்கிறது. 9 செ.மீ புல்லி, 7,500 சுற்று, நொடிக்கு 35 மீட்டர், எட்டு எச்.பி. ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் 140 எச்.பி. கடத்தும் பெல்ட் தடிமனாக இருக்கும். அதை இவ்வளவுக்கு மேல் வளைத்தால் வெடித்துவிடும். ஷாஃப்டும் ஒரு தடிமனுக்குக் கீழே போக முடியாது. அடி விட்டம் குறையாமல் மேல் விட்டம் மட்டும் குறைந்தால், கியர் மாறும் வீச்சே சுருங்கிவிடும். அப்புறம் கிளம்பும்போதும் இழுக்காது, மேலேயும் ஓடாது.

இவ்வளவு ஆர்பிஎம் எதற்கு என்ற கேள்விதான் இதற்கெல்லாம் மூலம். ஸ்னோமொபைல் பல காலம் டூ ஸ்ட்ரோக் வண்டி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடி. அதனால் 800 சிசி சொச்சத்தில் எட்டாயிரம் சுற்றிலேயே 150 எச்.பி.யை எடுத்துவிடலாம். இன்றைய ரோட்டாக்ஸ் 849 சிசி இன்ஜின் எட்டாயிரத்தை ஒட்டி 165 எச்.பி. கொடுக்கிறது. கிளட்ச்சும் பெல்ட்டும் இந்த எட்டாயிரம் என்கிற எல்லைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி. அதே அளவு இன்ஜினில் அதே பவர் வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றுவதைத் தவிர வழியில்லை. புகை குறைய வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்தபோது, யமஹா கையில் இருந்த பைக் இன்ஜினைப் பனிக்குக் கொண்டுபோனது. சிலிண்டர் விட்டம் (போர்) 74 மி.மீ, பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 58 மி.மீ, சிலிண்டருக்கு ஐந்து வால்வு. 10,500 சுற்று அந்த இன்ஜினுக்குப் பெரிய விஷயமே இல்லை. கிளட்ச்சுக்குத்தான் பெரிய விஷயம். நடுவில் வந்த அந்த ஒரு ஜோடிக் கியர், பைக் இன்ஜினை கிளட்ச்சின் கண்ணுக்கு ஒரு டூ ஸ்ட்ரோக் மாதிரி காட்டிவிடுகிறது. சுற்று குறைவு, முறுக்கு கூடுதல், பழகிய எல்லை.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு, எனக்கு அதுதான் முதலாவதைவிடப் பிடித்தது. கிளட்ச்சை நேராக கிராங்கில் மாட்டினால் சில கிலோ எடை கிராங்கின் முனையில் பேரிங்கைத் தாண்டித் தொங்கும். அதோடு பெல்ட்டின் இழுவையும் சேர்ந்து அந்த முனையை ஒரு பக்கமாக வளைக்கப் பார்க்கும். பைக்குக்காகச் செய்த கிராங்க் இப்படி ஒரு சுமையைக் கனவில்கூட நினைத்திருக்காது. கியர் போட்டதும் கிளட்ச்சுக்குத் தனி ஷாஃப்ட், அதற்குத் தனி பேரிங். கிராங்க் பாட்டுக்குச் சுற்றலாம். கிளட்ச்சின் சுழல் பளுவும் கிராங்குக்கு மூன்றில் இரண்டு பங்காகத்தான் தெரியும், அதனால் ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் இன்ஜின் சட்டென்று எகிறும்.

யோசித்தால் இது பைக்காரர்களுக்குப் புதிதே இல்லை. பழைய புல்லட்டின் இடது பக்க கவரைக் கழற்றினால் கிராங்கில் சின்ன பல் சக்கரம், கிளட்ச்சில் பெரியது, நடுவில் பிரைமரி செயின். வேறு பல பைக்குகளில் செயினுக்குப் பதில் கியர். பெரும்பாலானவற்றில் கிளட்ச் கிராங்கைவிட மெதுவாகத்தான் சுற்றுகிறது. ஆர்1 பைக்கிலும் அப்படித்தான். ஸ்னோமொபைலுக்குப் போகும்போது அந்தப் பழக்கத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், அவ்வளவே.

இலவசமாக எதுவும் வராது. கியர் ஜோடி ஒன்றிரண்டு சதவீதப் பவரைத் தின்னும். எடை கூடும், ஆயில் வேண்டும், சத்தம் வரும். பற்களுக்கு நடுவே எப்போதும் கொஞ்சம் இடைவெளி உண்டு. மெதுவாக ஓடும்போது இன்ஜினின் ஒவ்வொரு வெடியும் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் தட்டும். அதை விழுங்க எங்கேயாவது ஒரு டாம்பர் வைத்தாக வேண்டும். ஒரு ஜோடிக் கியர் சுற்றும் திசையையும் திருப்பிவிடும். ஆகவே கிராங்க் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பதை, டிராக் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இந்த விலை கொடுக்காமல் தப்ப முடியுமா என்று யமஹாவே யோசித்திருக்கிறது. 2008 மாடல் நைட்ரோவில் மூன்று சிலிண்டர், 1049 சிசி. ஒவ்வொரு சிலிண்டரும் பெரிது, சுற்று குறைவு, கிளட்ச் நேராக கிராங்கில். பவர் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கியரும் இல்லை, அதன் எடையும் இல்லை. நாலு சிலிண்டர் இன்ஜின் அபெக்ஸ் என்ற வண்டியில் கியரோடேயே தொடர்ந்தது. அப்புறம் 2017 மாடல் சைடுவைண்டர் வந்தது. மூன்று சிலிண்டர், 998 சிசி, டர்போ. காற்றை அழுத்தித் திணிப்பதால் ஒன்பதாயிரத்துக்குக் கீழேயே பழைய நாலு சிலிண்டரைத் தூக்கிச் சாப்பிடும் பவர். வேகமாகச் சுற்ற வேண்டிய அவசியமே போய்விட்டதால் கிளட்ச்சுக்கு முன்னால் கியருக்கும் வேலையில்லை. 1968-இல் ஸ்னோமொபைல் விற்க ஆரம்பித்த யமஹா, 2023-இல் அந்தத் தொழிலையே விட்டுவிடப் போவதாக அறிவித்துவிட்டது.

அக்கா மகனுக்கு டர்போ வண்டிதான் பிடிக்கும். எனக்கு அந்தக் கியர் ஜோடிதான். அவன் கடைக்கு வந்த ஆர்எக்ஸ்-1-இல் கியர் பற்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டேன். தேய்மானமே தெரியவில்லையாம். மாற்றியது பெல்ட்டை மட்டும்தான் என்றான். வண்டிக்காரர் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் பெல்ட்டும் வாங்கி வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.